உன்னிச்சையில் நின்ற வண்டிகள்

பச்சைப் பிக்கப்பின் சீற்றுக்குப் பின்னால் கையை விட்டு ஜக்கை இழுத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. எங்கள் வண்டியின் பின் டயர் காற்றுப் போய்க் கிடந்தது. வண்டியைத் தூக்கும் எங்களுடைய ஜக் உயர மறுத்ததால் வரிசையில் முன்னால் நின்ற பச்சைப் பிக்கப்காரரிடம் இரவல் கேட்டிருந்தோம். அது சீற்றுக் கம்பிக்குள் சிக்கியிருந்தது. விரலை விட்டுக் கிளறினேன். நகக்கண்ணில் மண் ஏறியது. வெளியே எடுத்துப் பார்த்தால் அது வீதி மண் இல்லை. கறுப்புக் கலந்த நைசான கடல் மண். அதற்குள் குருணை அளவில் உடைந்த சிப்பி.

இந்த வண்டி கடல் குடித்திருக்கிறது.

எனக்கு வந்தது சந்தோஷம். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அது சந்தோஷம்தான். இனி எங்கள் அப்பாவைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு, ஜக்கோடு ஓடினேன்.

வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு வெளியே, ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றக் காத்து நிற்கும் பிக்கப்புகளின் வரிசை அது. யுத்தம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போட் வரும்வரை சொந்தக்காரர்களுக்கு வேலை இல்லை. ஆகவே எஞ்சின்களைப் பற்றிப் பேசினார்கள். திறக்காத எஞ்சின்தான் எஞ்சின், ஒருமுறை கராஜ்காரன் கை பட்டால் அது வேறொருவனுடைய எஞ்சின் என்றார் ஒருவர். ஒயில் மாற்றுவதை விட ஒயில் வடிகட்டி மாற்றுவதுதான் முக்கியம் என்றார் இன்னொருவர். அவர் இரண்டையும் மாற்றுவதில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். கடனுக்கு வண்டி கொடுக்கும் லீசிங்காரர்கள் புதிய சின்ன லொறிகளின் படத்தைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போன நாளெல்லாம் பேச்சு சூடேறும். முந்தி கம்பனிக்காரன் வண்டி செய்து விற்றான், இப்போது உதிரிச் சாமான் விற்பதற்காக வண்டி செய்கிறான் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றுபட்டார்கள். நான் உயர்தரத்தில் கணிதம் படித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தவன். எரிபொருள் அழுத்தம், தீப்பற்றும் வெப்பநிலை என்று இடையில் புகுந்து விளக்குவேன். அவர்கள் கேட்டு முடித்துவிட்டுப் பழைய இடத்திலிருந்தே தொடர்வார்கள்.

எங்கள் ஊர் கதிரவெளி. யுத்தத்தில் பாதை பூட்டப்பட்டு டீசல் வராமல் போன காலத்தில் அப்பா மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து வண்டியை ஓட்டினார். காயப்பட்டவர்களை ஏற்றியதும் அந்த எண்ணெயில்தான். கடைசியில் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டதும் அந்த எண்ணெயில்தான். அதில் டீசல் பம்ப் தேய்ந்துபோனது. சூடானால் ஸ்டார்ட் எடுக்காது. எடுத்தால் வெள்ளைப் புகை வரிசை முழுவதையும் மூடும். எங்கள் வண்டிக்கு, மண்ணெண்ணெயில் புகைந்து எரியும் குப்பிலாம்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர் பச்சைப் பிக்கப்காரர். வரிசையில் பெரிய வாய் அவருக்கு. புகை மீனில் பிடிக்கிறது, சிறுபோக நெல் வெட்டு முடிவதற்குள் பம்பைச் செய் அல்லது வரிசையை விட்டு எடு என்று அப்பாவிடம் சொன்னவரும் அவர்தான். அப்பா சிரித்தார். வரிசை போனால் எங்களுக்குச் சோறு போகும் என்பது தெரிந்தும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றையும் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரும், சுனாமி வந்த அன்றைக்குத் தன் வண்டி கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் உன்னிச்சையில் நின்றதாகச் சொன்னார்கள். உரம் ஏற்றிக்கொண்டு போனதாம், மழையில் மாட்டிக்கொண்டதாம், கடல் காற்றுக்கூடப் படவில்லையாம். அத்தனை வண்டியும் அன்றைக்கு அங்கே நின்றிருந்தால் உன்னிச்சைக் குளக்கட்டு இடிந்திருக்கும் என்று நான் ஒருமுறை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பாவும் அவர்களோடு சேர்ந்து, “நம்மட வண்டியும் அண்டைக்கு உன்னிச்சையிலதான்” என்பார். அன்றைக்கு எங்கள் வண்டி கதிரவெளிக்கு மேற்கே காட்டுக்குள் விறகு ஏற்றிக்கொண்டு நின்றது. கடல் படாத வண்டி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். அவரோ அவர்களுடைய பொய்யை வாங்கித் திருப்பிச் சொன்னார். வரிசையில் இடம் பிடிக்க இப்படியும் குழைய வேண்டுமா என்று அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேன்.

மண் கிடைத்த மறுவாரம் பொலன்னறுவைப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு தரகரோடு வந்தார். பச்சைப் பிக்கப்பை வாங்க. பச்சைப் பிக்கப்காரர் வண்டியை விற்கப்போகிறார் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். வழக்கமான சத்தம் குரலில் இல்லை. நான் அதைக் கவனித்தேன், விலைக்குப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

“திறக்காத எஞ்சின். கடல் காணாத வண்டி. அண்டைக்கு இது உன்னிச்சையில உரம் இறக்கிக்கொண்டு நிண்டது” என்றார். பிறகு, வந்தவர் எங்கள் பக்கம் பார்த்ததால், “அங்க நிக்கிற குப்பிலாம்பு மாதிரி நினைக்காதீங்க” என்று சேர்த்தார்.

அந்தக் கடைசி வரி போதுமாக இருந்தது எனக்கு.

“அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, மாமா. போயா லீவும். உரக்கடை எல்லாம் பூட்டு. எந்த உரத்த இறக்கினீங்க?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கதவைத் திறந்து சீற்றுக் கம்பிக்குள் விரலை விட்டு மண்ணைக் கிளறி எடுத்து, உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் நீட்டினேன்.

“இது உன்னிச்சைக் குளத்து மண்ணா, கல்குடாக் கடல் மண்ணா?”

தரகர் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். வந்தவர் சிப்பித் துண்டைக் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார், இருவரும் வந்த முச்சக்கரவண்டியில் ஏறிப் போனார்கள். நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். பாராட்டு எதிர்பார்த்தேன் என்றே நினைக்கிறேன். ஒருவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பச்சைப் பிக்கப்காரர் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துச் சரித்து, அதில் இருந்த மண்ணைத் தன் உள்ளங்கைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு துளியும் கீழே விழாமல் பார்த்து மாற்றினார். அந்தக் கையை மூடிக்கொண்டு, மற்றக் கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

அப்பா என்னிடம் “ஏறு” என்றார்.

துறைமுகம் மறையும் வரை ஓட்டினார். பிறகு ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் திரும்ப எடுக்காது.

“அவர்ட சின்ன மகள் அண்டைக்கு முன் சீற்றில நித்திரை. தானும் வாறன் எண்டு அழுது ஏறின புள்ள. கல்குடாவில மீன் ஏத்தப் போனவர், எழுப்பாம விட்டுட்டு இறங்கிக் கரைக்குப் போனார்.”

பம்ப் தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்தது.

“வண்டி உன்னிச்சையில நிண்டதெண்டா புள்ளையும் அங்கதானே நிக்கும்” என்றார் அப்பா. “அவர் தனியச் சொன்னாப் பொய் மாதிரித் தெரியும். அதால எல்லாரும் சொல்றாங்க. நான் வரிசைக்கு வந்த அண்டைக்கு எனக்குச் சொல்லித் தந்த முதல் கதை அதுதான். எஞ்சினப் பத்தி என்னவும் பேசு, அண்டைக்கு வண்டி எங்க நிண்டதெண்டு மட்டும் கேக்காத எண்டாங்க.”

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ எங்க கேட்ட? நீ சொல்லிக்கொண்டுதானே இருந்த.”

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. இத்தனை வருடம் அந்த மனிதர் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு திரிந்தது சிக்கனத்தால் என்று நான் நினைத்திருந்தேன். விட முடியாமல் இருந்தவர் அன்றைக்குத்தான் விடத் துணிந்து வந்திருக்கிறார். அந்த ஒரு நாளை நான் கலைத்துவிட்டேன்.

அடுத்த நாட்களில் பச்சைப் பிக்கப் வரவில்லை. மற்றவர்கள் முன்னால் நகர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அப்பா நகரவில்லை. எங்கள் வண்டிக்கு முன்னால் ஒரு பிக்கப் நிற்கும் அளவு வெறுமையை விட்டுவிட்டு நின்றார். யாரும் என்னைத் திட்டவில்லை. நான் கிட்டப் போனால் பேச்சு ஒயிலுக்கும் டயருக்கும் மாறும். அவர்கள் என்னைப் பார்த்து வாய் மூடினார்கள் என்பதை விட, என்னிடமிருந்து ஒன்றைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று நினைத்தார்கள் என்பதுதான் சுட்டது.

காகித ஆலைக்குப் பின்னால் அவருடைய வீடு. ஒரு பின்னேரம் போனேன். முற்றத்தில் வண்டி நின்றது. சீற்றைக் கழற்றி வெளியே வைத்திருந்தார். என்னைக் கண்டதும் நிமிரவில்லை.

“வா மனே. பள்ளிக்கூடம் படிச்ச ஆள். மிச்ச மண் எங்கெங்க இரிக்கும், சொல்லு பாப்பம்.”

அது குத்தலா, உண்மையான கேள்வியா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். கதவுத் தகட்டுக்குள் இருக்கும், வயர் போகும் குழாய்க்குள் இருக்கும் என்றேன். மன்னிப்புக் கேட்கத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். வாயெடுத்தபோது, “பத்தாம் நம்பர் ஸ்பனர எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். இன்னொருமுறை வாயெடுத்தேன். ஸ்க்ரூ டிரைவர் கேட்டார்.

கதவின் உள்பலகையைக் கழற்றினோம். மண் கீழே விரித்திருந்த பேப்பரில் கொட்டியது. அவர் கதவுத் தகட்டைத் தட்டிக் காட்டி, இப்போது வருகிற வண்டிகளின் கதவு பிஸ்கட் தகரம், கடல் வந்திருந்தால் கதவே மிஞ்சியிராது என்றார். கடல் வந்திருந்தால் என்றுதான் சொன்னார். நான் ஓம் என்றேன். டாஷ்போட்டுக்குக் கீழே வயர்களை இழுத்தேன். செம்பு பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. இது எப்படி இத்தனை வருடம் ஓடியது என்று எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவருடைய மனைவி வந்து, மண் இருந்த பேப்பரை மடித்து உள்ளே எடுத்துப் போனார். என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணி மட்டும் வந்தது.

“விக்கத்தான் வேணும்” என்றார் அவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு. “ஆனா இனி வாறவனிட்ட அந்தக் கதைய சொல்ல ஏலாது. உன்னிச்சைப் பக்கம் வெள்ளாமை வெட்டு நடக்குது. மூட்டை ஏத்த வண்டி கேக்காங்க. ஒருக்காப் போயிட்டு வருவம். இது அந்தப் பக்கமே போனதில்ல.”

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இந்த வயரோட போய்ச் சேருமா?”

அந்த வரிசையில் நான் ஒருபோதும் சொல்லாத சொல்லைச் சொன்னேன்.

“தெரியா, மாமா.”

அவர் தலையை ஆட்டினார். உங்கட அப்பாவையும் வரச் சொல்லு, இழுக்கக் கயிறு கொண்டு வரட்டும் என்றார். எங்கள் வண்டி எங்கே வரவேண்டும் என்று கேட்டேன். “குப்பிலாம்பு பின்னால வரட்டும். முன்னால வந்தா எனக்குப் பாதை தெரியா.” அந்தப் பெயரைக் கேட்டு எனக்கு முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது, உடனே சிரித்ததற்குக் கூச்சமும் வந்தது.

நாளை விடியப் புறப்படுகிறோம். செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, ஆயித்தியமலை, பிறகு குளத்துப் பக்கத்து வயல் வட்டைகள். மோசமான வயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றவற்றைத் தொட்டால் எல்லாம் போய்விடும். போகும்போது வெறும் வண்டி, பயமில்லை. திரும்பும்போது நெல் மூட்டையோடு மேட்டில் ஏறினால் வயர் சூடாகும், புகைந்தால் பற்றரியைக் கழற்ற நான் ஸ்பனரும் கையுமாக இருக்க வேண்டும். அதற்காக என்னை முன் சீற்றில் இருக்கச் சொல்லியிருக்கிறார். சீற்றைத் திருப்பிப் பூட்டியது நான்தான். அங்கே இருந்துகொண்டு, அவராகப் பேசினாலொழிய நான் வாய் திறக்காமல் குளக்கட்டு வரை போய்ப் பார்க்க வேண்டும்.