டிரைவர் வேலை, அரியலூர்

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் என் மாமனாரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் வழக்கம் அப்படி. மாமனார் மருமகளிடம் சொல்ல வேண்டியதை மாமியாரிடம் சொல்வார், மருமகள் காதில் விழும்படி. மருமகளும் பதிலை மாமியாரிடமே சொல்வாள், கூடத்துக்குக் கேட்கும்படி. நடுவில் மாட்டிக்கொண்ட அத்தைக்குத்தான் வாய் வலிக்கும். நான் பிறந்தது பெரம்பலூர், வாழ்க்கைப்பட்டது அரியலூர். இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு மாவட்டத்துக்கும் துளி வித்தியாசம் கிடையாது.

எனக்குக் கம்ப்யூட்டரில் வேலை. ஆபீஸ் சென்னையில் இருக்கிறது, நான் அரியலூர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறேன். உள் அறையில் சிக்னல் வராது, இன்வர்ட்டர் பிளக்கும் கூடத்தில்தான். அதனால் டிவிக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் என் மேஜை. வீட்டில் யாருக்குத் தாகமெடுத்தாலும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுதான் குடிக்க வேண்டும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு நான் இதுவரை உருப்படியாகச் சொன்னதில்லை. இங்கே முயன்று பார்க்கிறேன். ஊர் ஊராக வரும் வேலை விளம்பரங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கும் சேவை ஒன்று இருக்கிறது. வேலை தேடித் தரும் இணையதளங்களும் ஆப்களும் அதனிடம் போய்த்தான் கேட்கின்றன: இந்த ஊரில், இந்த வேலை, இவ்வளவு தூரத்துக்குள் இருக்கிறதா? எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு விதிமுறை உண்டு. ஏபிஐ என்பது அதைத்தான். அந்த விதிமுறை ஒரு இடத்தில் சும்மா இருக்காது, அடிக்கடி மாறும். மாறும்போதெல்லாம் கேள்வி கேட்கிற நிரலும் மாற வேண்டும். அதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. விதிமுறையைக் கொடுத்தால் ஒரு மெஷினே ஆயிரக்கணக்கான வரிகளை மளமளவென்று எழுதித் தள்ளிவிடும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும், ‘இது தானாக எழுதப்பட்டது, கையால் திருத்தாதே’ என்று ஒரு அதட்டல் வேறு இருக்கும்.

என் கணவருக்கு ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. அவருக்கு இது ஒரு தீராத வேடிக்கை.

“மெஷின் எழுதுது, நீ சம்பளம் வாங்குற. இந்த மாதிரி ஒரு வேல எனக்கும் பாரேன்.”

“உங்க ஆலையில மட்டும் கல்லக் கையாலயா அரைக்கிறீங்க?” என்று நானும் விடமாட்டேன்.

உண்மையில் மெஷினை ஓட்டுவது சுலபம். அது எழுதியதைப் படித்து, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பதில்தான் கண் பூத்துவிடும். அப்புறம் சோதனைகளை ஓட்ட வேண்டும். சோதனைகளை மட்டும் நாங்கள் கையால் எழுதுவோம். தமிழில் கேட்டால் எழுத்து உடையாமல் போகிறதா என்று பார்ப்பதற்கு ஒன்று வேண்டியிருந்தது. அதை எழுத உட்கார்ந்த அன்று சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வாசலில் காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கைக்கு வந்ததை அடித்தேன்: ‘டிரைவர் வேலை, அரியலூர், பத்து கிலோமீட்டருக்குள்.’ அந்தக் கேள்வி நிஜமான சேவைக்குப் போகாது. நாங்களே செய்து வைத்த ஒரு பொம்மைப் பதில்தான் திரும்பி வரும். ஆனால் அப்டேட் வரும் நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை, இங்கிலீஷ் மொய்க்கிற என் திரையில் அந்த ஒரு வரி மட்டும் பளிச்சென்று தமிழில் வந்து வந்து போகும்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் டிரைவர். பத்து சக்கர லாரியில் கல் ஏற்றித் தலை நரைக்கும்வரை ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் அவர் தேறி வருவதற்குள் லாரி ஓனர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, நானும் அவர் மகனும் சம்பாதிக்கிறோம். ஆனால் வண்டி ஓட்டாமல் இருப்பது அந்த மனுஷரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஒழுகாத குழாயைக் கழற்றித் திரும்ப மாட்டுவார், அது ஒழுக ஆரம்பிக்கும். தெருவில் லாரி போகும் சத்தம் கேட்டால், “ரெண்டாவது கியர்லயே இழுக்குறான் பாரு, எருமை!” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே திட்டுவார். யாரிடமும் போய் வேலை கேட்கவும் மாட்டார். கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டால் அந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

ஒரு தடவை வந்த அப்டேட் பெரியது. நாலைந்து நாளாக நான் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் மாமாவிடம் சில மாற்றங்கள் தெரிய ஆரம்பித்தன. தினமும் ஷேவ் செய்தார். வெள்ளைச் சட்டைகள் அயர்ன் கடைக்குப் போய் வந்தன. ஒரு நாள் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். இன்னொரு நாள் ஆர்டிஓ ஆபீஸ் போய் லைசென்ஸ் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு வந்தார். போனை எந்நேரமும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து நின்று, “சொல்லுங்க சார்” என்று பவ்வியமாகக் கேட்பார். அந்தப் பக்கம் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும். அவளிடமும் அதே மரியாதையோடு, “இப்ப வேணாம்மா” என்று சொல்லிவிட்டு உட்காருவார். அதோடு, அவருக்குத் தாகமும் அதிகமாகிவிட்டது. மணிக்கொரு தரம் தண்ணீர் கேனுக்கு வந்தார். சுகர் இருக்குமோ, டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

கேட்கலாமென்று அடுப்படிக்குப் போனேன்.

“அத்தை, மாமாவுக்கு என்னாச்சு? மாப்பிள்ளை கணக்கா இருக்காரு.”

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குற? நீதான அவருக்கு வேல தேடிகிட்டு இருக்க. டிரைவர் வேல, அரியலூர், பத்து கிலோமீட்டருக்குள்ளன்னு. அவரு பாத்துட்டாரு. டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. ‘எம் மருமவ யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல, பொழுதன்னைக்கும் எனக்காகத் தேடுது’ன்னு ஒரே பெரும.”

எனக்கு முதலில் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தார், நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்து. அடுத்த நிமிஷமே சிரிப்பு நின்றுபோனது. அயர்ன் பண்ணிய சட்டைகளும் போட்டோவும் “சொல்லுங்க சார்” என்ற குரலும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெங்காயம் கைகொடுத்தது.

“கெடைக்குமாம்மா?” என்றார் அத்தை மெதுவாக. “ராத்திரியில எதிர் லைட்டு கூசுதாம். டாக்டர் பகல்ல மட்டும் ஓட்டலாம்னுட்டாரு. அதயும் சேத்துப் போட்டுத் தேடு.”

“சேத்துப் போடுறேன் அத்தை” என்றேன். வேறு என்ன சொல்வது? அது பொம்மைக் கேள்வி, பொம்மைப் பதில் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த அப்டேட்டில் புதிதாக வந்திருந்ததே வேலை நேரம்தான். பகலா, இரவா, மாறி மாறி வரும் ஷிப்டா என்ற தகவல். பழைய நிரலில் அது கிடையாது. கூடத்துக்குத் திரும்பி வந்து, பொம்மையைத் தள்ளி வைத்துவிட்டு, முதல்முறையாக நிஜமான சேவையிடம் கேட்டேன். டிரைவர் வேலை, அரியலூர், பகல் நேரம். வந்தது என்ன தெரியுமா? டேங்கர் லாரி, இரவு ஷிப்ட். அடுத்ததும் இரவு. எனக்கு வந்த கோபத்தில் மேஜையையே தட்டிவிட்டேன்.

கோபம் ஆறிய பிறகு தோண்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. விதிமுறையில் வேலை நேரத்தைப் பதிலில் வரும் தகவல் என்று மட்டும் குறித்து வைத்திருந்தார்கள். கேள்வியிலும் அதைக் கேட்கலாம் என்று குறிக்க மறந்துவிட்டார்கள். மெஷின் சொன்னதைச் செய்யும் பிள்ளை. கேட்பதற்கு வழியே எழுதாமல் விட்டுவிட்டது. கையால் ஒரு வரி போட்டால் அந்த நிமிஷமே வேலை முடிந்துவிடும், ஆனால் கோப்பின் தலையில்தான் அந்த அதட்டல் இருக்கிறதே. மீறிப் போட்டாலும் அடுத்த தடவை மெஷின் எழுதும்போது என் வரியை அடித்துக்கொண்டு போய்விடும். விதிமுறையைத்தான் திருத்த வேண்டும். அது வேறு குழுவின் கையில் இருந்தது. அவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பிறகு விடாமல் நச்சரித்தேன்.

என் வேலையைச் சரிபார்க்கும் மேடம் சென்னையிலிருந்து கூப்பிட்டார். “எதுக்கு இவ்ளோ அவசரம்? அந்த ஃபீல்ட யாருமே இன்னும் கேக்கலயே.”

“ஒருத்தர் காத்துகிட்டு இருக்காரு மேடம்.”

“எந்தக் கஸ்டமர்?”

“அரியலூர்ல ஒருத்தர்” என்றேன். அந்த ஒருத்தர் அப்போது என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வழியாக விதிமுறை திருந்தியது. மெஷினை ஓட்டினேன். கேள்வியில் வேலை நேரம் வந்து உட்கார்ந்தது. நிஜமாகக் கேட்டேன். பதில் வந்தது, காலியாக. பத்து கிலோமீட்டருக்குள் பகல் நேர டிரைவர் வேலை ஒன்றுகூட இல்லை. தூரத்தைக் கொஞ்சம் கூட்டினேன், இல்லை. இன்னும் கூட்டினேன். தேடல் மாவட்ட எல்லையைத் தாண்டி எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் எட்டிப் பார்த்தது. அங்கே இருந்தது ஒன்று. குன்னத்தில் ஒரு சின்ன வெங்காய வியாபாரி. வயல்காட்டிலிருந்து மூட்டை ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோக டிரைவர் தேவை, பகல் மட்டும். பிறந்த வீடு கைவிடவில்லை என்று எனக்கு வாயெல்லாம் பல்.

அடுப்படி வாசலில் நின்று, கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னேன். “அத்தை, குன்னத்துல ஒரு வேல இருக்கு. பகல் மட்டும்தான். பஸ்ல போயிட்டு வந்துடலாம்னு சொல்லுங்க.”

கூடத்தில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. “என்ன வண்டியாம்னு கேளு” என்றது மாமாவின் குரல்.

எனக்கு இதுதான் பயம். பத்து சக்கரம் ஓட்டியவரிடம் எப்படிச் சொல்வது? “குட்டி யானைன்னு சொல்லுங்க அத்தை” என்றேன் தயங்கித் தயங்கி. எங்கள் ஊரில் அந்தச் சின்ன நாலு சக்கரச் சரக்கு வண்டிக்கு அதுதான் பெயர்.

மாமா டிவியையே அணைத்துவிட்டார்.

“எந்த வண்டியா இருந்தா என்ன, ஸ்டீயரிங் வட்டமாத்தான இருக்கும்னு சொல்லு. எப்பப் போன் பண்ணணுமாம்?”

“காலையிலன்னு சொல்லுங்க அத்தை.”

“ஏன், இப்பப் பண்ணா எடுக்க மாட்டாங்களான்னு கேளு.”

“அடடா, ரெண்டு பேரும் நேராத்தான் பேசிக்கங்களேன்” என்று அத்தை கரண்டியைப் போட்டார். “இங்க சாம்பார் பொங்கி வழியுது!”

மாமா அப்போதே போன் செய்தார், நின்றுகொண்டே. வயதை ஒளிக்காமல் சொன்னார், கண் ஆபரேஷனையும் சொன்னார். ஸ்பீக்கரில் வியாபாரியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. “அதெல்லாம் பரவால்லிங்க. சின்னப் பசங்கள வச்சா மூட்டைய நசுக்கி எடுத்துட்டு வரானுவ. நீங்க நாளைக்கே வந்து ஓட்டிக் காட்டுங்க.” மறுநாள் காலை, வெள்ளைச் சட்டையும் புதுப்பித்து வந்திருந்த லைசென்ஸுமாக அவர் பஸ் ஏறினார். சாயங்காலம் வெங்காய வாசனையோடு திரும்பி வந்தார். வேலை கிடைத்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெங்காயத்துக்குப் பஞ்சமே இல்லை.

சில வாரம் கழித்து அடுத்த அப்டேட் வந்தது. மெஷின் எழுதியது, நான் படித்தேன், சோதனைகளை ஓட்டினேன். திரையில் வழக்கம்போல அந்தத் தமிழ் வரி வந்து வந்து போனது. வேலை முடிந்து வந்த மாமா தண்ணீர் குடிக்க வந்தார். குடித்து முடித்த பிறகும் அவர் நகரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை அப்போது வீட்டில் இல்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏம்மா, இன்னுமா எனக்குத் தேடிகிட்டு இருக்க?” என்றார், என்னைப் பார்த்து, நேராக. “போதும்மா. இதுவே நல்லாருக்கு. என்னயப் பத்திக் கவலப்படாம, நீ ஒன் வேலயப் பாரு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “சரிங்க மாமா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் உள்ளே போன பிறகு அந்த வரியை அழித்தேன். அந்த இடத்தில் ‘தையல் ஆசிரியை வேலை, பெரம்பலூர்’ என்று போட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் தைக்கத் தெரியாது. மாற்றத்தைப் பார்த்த மேடம் உடனே கேள்வி எழுதினார்: பழைய சோதனை நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, எதற்கு மாற்றினாய்?

‘அந்த டிரைவருக்கு வேலை கிடைத்துவிட்டது’ என்று பதில் எழுதினேன்.