லுவீனியா அண்ணி கேட்ட மீதி ஆட்டம்

லுவீனியா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது பெரியம்மா வீட்டு அடுப்படியில், பன்றி அடித்துக் கொழுப்பு உருக்கிக்கொண்டிருந்த ஒரு குளிர்நாளில். பெரியம்மாவின் மகன் ஹோரஸ் அண்ணன் தேவாலயத்திலிருந்து நேராக அடுப்படிக்கு வந்து நின்றார்.

"பாட்டுக் குழுவில புதுசா ஒருத்தி வந்திருக்கா. பேரு லுவீனியா. எண்ணெய் போடாத கதவு மாதிரி குரல். பாட்டு வாத்தியார் மூணு வாரமா போ போங்கிறாரு. போக மாட்டேங்கிறா."

"போகாம என்ன பண்றாளாம்?" என்றார் பெரியம்மா.

"நிக்கிறா. வாயை மட்டும் அசைக்கிறேன்னு ஒத்துக்கிட்டா. ஆனா பாடவும் பாடுறா."

"பின்வரிசையில நிக்கிறவ வாயை நீ எதுக்குடா அவ்வளவு உத்துப் பாத்தே?"

அடுத்த கோடையில் அண்ணன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

லுவீனியாவின் தாய் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து பியூரிஃபாய் குடும்பம். அந்தக் குடும்பத்துத் தாத்தாவின் இரண்டாம் தாரத்துக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள்; என் கணவர் ரூஃபஸுக்கு அவள் அப்பாவைப் பெற்ற பாட்டி. அந்த வழியில் பார்த்தால் லுவீனியா எனக்கு வேறு முறை ஆக வேண்டும். நான் அண்ணி என்றே கூப்பிட்டேன். இரண்டு பெண்களுக்குப் பிறகு அவளுக்கு எல்ரே பிறந்தான். மருத்துவச்சி மிஸ் டெம்பி அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவனைத் தொட்டில்ல போடாதீங்க, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்றாளாம். அத்தனை பெரிய பிள்ளை.

அந்த உடம்புதான் அவனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. மாநிலத்தின் மறுகோடியில் மலைப்பக்கம் இருக்கும் பல்கலைக்கழகம் அது. எங்கள் கறுப்பு நிறத்துப் பிள்ளைகளைக் கால்பந்து அணியில் சேர்க்க ஆரம்பித்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. ஆர்கன்சாவின் இந்தக் கோடியில், பருத்தியும் சோயாவும் விளைகிற எங்கள் கார்வெலிலிருந்து அங்கே போய்ப் பார்க்க யாருக்கும் வழியில்லை. அண்ணி பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். அண்ணனுக்குப் பஞ்சாலை. ஆகவே சனிக்கிழமை மத்தியானம் ஐஸ்பெட்டியின் மேல் இருந்த வானொலிதான் கதி. கார்வெலுக்கு வெளியே சோயாக் காட்டு நடுவில் ஒரு சின்ன நிலையம் இருந்தது. அதில்தான் ஆட்டம் வரும்.

எங்கள் கால்பந்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். எல்ரே அதைத் தொடவே மாட்டான். பந்து வைத்திருப்பவன்மேல் பாய வருகிறவர்களை முட்டித் தள்ளி நிறுத்துவது அவன் வேலை. அதனால் வர்ணனையாளர் அவன் பெயரைச் சொல்வதே இல்லை. ஓடினவன் பெயர் வரும், எறிந்தவன் பெயர் வரும், பிடித்தவன் பெயர் வரும்.

"வீட்டைக் கட்டினவன் பேரைச் சொல்ல மாட்டேங்கிறான், வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டவன் பேரையே சொல்லிட்டிருக்கான்" என்று அண்ணி வானொலியைத் திட்டுவாள்.

முதல் வருடம் ஒரு சனிக்கிழமை "எல்ரே ஸ்ட்ரிக்லன்" என்று கணீரென்று வந்தது. அண்ணி கரண்டியோடு குதித்து என் பக்கம் திரும்பினாள். "கேட்டியா நெட்டி? ஹோரஸ், கேட்டீங்களா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "உக்காரு லுவீனியா. எதிராளியோட சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டானாம். தப்பாட்டம். அதுக்குத்தான் பேரு சொன்னது."

"எதுக்குச் சொன்னா என்ன? சொன்னானா இல்லையா?"

"சொன்னான். ஆனா இனிமே சொல்லக் கூடாதுன்னு வேண்டிக்கோ. அவன் இருக்கிற இடத்துல பேரு வந்தா, ஒண்ணு தப்பு பண்ணியிருக்கான், இல்லேன்னா அடிபட்டிருக்கான்."

அதற்குப் பிறகு அண்ணி கேட்கிற விதமே மாறிவிட்டது. பெயர் வராதவரைக்கும் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஆட்டம் முடிந்து பெயர் வராமல் போனால், "நல்ல ஆட்டம்" என்று எழுந்து போவாள். தோற்றிருந்தாலும் அவளுக்கு அது நல்ல ஆட்டம்தான்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. அந்த மாதிரிச் சின்ன நிலையங்கள் சூரியன் இருக்கிறவரைதான் பேசலாம். விழுந்தால் நிறுத்திவிட வேண்டும், அது அரசாங்கச் சட்டம். அக்டோபரில் இந்தத் தொல்லை தெரியாது. நவம்பரில் பொழுது சீக்கிரம் சாயும்போது, ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் அறிவிப்பாளர் வணக்கம் சொல்லுவார், தேசிய கீதம் போடுவார்கள், பிறகு வெறும் இரைச்சல். நன்றாக இருட்டினால் தூரத்து ஊர் நிலையங்கள் எல்லாம் கேட்கும்; நியூ ஆர்லியன்ஸ் வரும், சிகாகோ வரும், செயின்ட் லூயிஸ் வந்து நம் அடுப்படியில் உட்கார்ந்து கதை பேசும். எங்கள் பிள்ளை ஆடுகிற ஆட்டம் மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் யாராவது சொன்னால்தான் முடிவு தெரியும்.

எல்ரேயின் இரண்டாம் வருடத்தில் அணி டெக்சாஸுக்குப் போய் ஆடிய அன்று, நானும் அங்கேதான் இருந்தேன். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பீக்கான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே வானம் சிவந்துகொண்டு வந்தது. அப்போது வர்ணனையாளர் குரல் தணிந்தது. "நம் ஆள் ஒருவர் கீழே கிடக்கிறார். எல்ரே ஸ்ட்ரிக்லன். இன்னும் அசையவில்லை. மருத்துவர்கள் ஓடுகிறார்கள்..."

அந்த இடத்தில் வெட்டினார்கள். கார்வெல் நிலையம் இன்றைய ஒலிபரப்பை இத்துடன் முடித்துக்கொள்கிறது என்று ஒரு குரல். கீதம். இரைச்சல்.

அண்ணன் எழுந்து வானொலிக் குமிழைத் திருகினார். ஒன்றுமில்லை. "பயிற்சியாளர் போன் பண்ணுவாரு. போன் பக்கத்துலயே இருப்போம்."

"அவரு ஆட்டம் முடிஞ்சு, குளிச்சு, சாப்பிட்டுட்டுத்தான் நம்மள நினைப்பாரு. நீங்க போன்கிட்ட இருங்க. வண்டிச் சாவி எங்கே?"

"எங்கே போறே?"

"பேச்சைப் பாதியில நிறுத்தினானே, அவன்கிட்ட."

நான் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் அண்ணி மடியிலிருந்து பீக்கான் ஓடு வண்டி முழுக்கச் சிந்தியது.

நிலையம் என்றால் சிமென்ட் கல்லில் கட்டிய ஓர் அறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல், பின்னால் கோபுரம். வாசலில் ஒரு கார் நின்றது. அண்ணி கதவைத் தட்டவில்லை, இடித்தாள். செம்பட்டைத் தலை வெள்ளைக்காரன் ஒருவன் கதவை ஒரு சாண் திறந்தான். இருபத்தைந்து வயது இருக்கும்.

"நிலையம் மூடியாச்சு. திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழமை வரைக்கும் என் பையன் புல்லுலயே கிடப்பானா? கீழ விழுந்து கிடக்கான்னு சொன்னீங்களே, அந்த ஸ்ட்ரிக்லனோட அம்மா நான். திரும்பப் போடு."

அவன் முகம் மாறியது. ஆனாலும் தலையை ஆட்டினான். "போட முடியாதும்மா. சூரியன் விழுந்துட்டா அலை எங்கேயோ தூரத்துக்குப் போயி அடுத்தவன் நிலையத்துல இடிக்கும். லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

அப்போது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓர் இரைச்சல் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே மூச்சில் கத்துகிற சத்தம்.

அண்ணி அசையாமல் நின்றாள். "அது என்ன?"

"அது... லிட்டில் ராக் பெரிய நிலையத்துலேருந்து தொலைபேசிக் கம்பியில இங்கே வர்றது. நாங்க வெளியே அனுப்பறதைத்தான் நிறுத்துறோம். கம்பியில ஆட்டம் முடியற வரைக்கும் வந்துட்டுத்தான் இருக்கும்."

"ஊருக்கெல்லாம் வாயை மூடிட்டு, நீ மட்டும் உள்ள உக்காந்து கேட்டுட்டிருக்கியா?"

அவன் காது சிவந்துவிட்டது. "யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு."

நான் அதுவரை அவன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ பேர்ல் மெக்கால் பேரன்தானே தம்பி? உங்க சின்னத் தாத்தாவுக்கும் இதே மூக்கு."

"ஆமா. டேல். எங்க பாட்டியை உங்களுக்குத் தெரியுமா?"

"உங்க அப்பா கைக்குழந்தையா இருந்தப்போ அவரு துணியெல்லாம் எங்கம்மாதான் துவைச்சா."

அண்ணி கையை நீட்டி என்னை ஓரமாக ஒதுக்கினாள். "சொந்தம் விசாரிக்கறதை அப்புறம் வச்சுக்கோ நெட்டி. டேல், நான் உள்ள வரல. உன் முதலாளி பேச்சை நீ மீற வேண்டாம். ஜன்னலைத் திற, சத்தத்தைக் கூட்டு. நான் வெளியேதான் நிப்பேன். சோயாக் காட்டுல நிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

அப்படி ஒரு சட்டம் அவனுக்கும் தெரியவில்லை. ஜன்னலைத் தூக்கினான்.

அறுத்த சோயாக் கட்டைகள் செருப்பைக் குத்த, வடக்குக் காற்றில் நின்றோம். எங்களுக்கு இருட்டிவிட்டது. டெக்சாஸில் மைதானத்தின் கிழக்குப் படிக்கட்டுகளில் இன்னும் வெயில் இருக்கிறது என்று வர்ணனையாளர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓடினவன் பெயர் வந்தது, எறிந்தவன் பெயர் வந்தது. எல்ரே பற்றி ஒரு சொல் இல்லை. இத்தனை நாள் அவன் பெயர் வராமல் இருப்பதற்காக வேண்டிக்கொண்டவள், அன்று அது வர வேண்டும் என்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வண்டியிலிருந்து போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினேன். அவளுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

"டேல், நீ இங்கேருந்து அவங்களோட பேச முடியாதா?"

"கம்பி ஒருபக்கம்தாம்மா. வரும், போகாது."

"அப்ப கம்பி அறுந்துபோனா என்ன பண்ணுவே?"

"லிட்டில் ராக்குக்குப் போன் பண்ணுவேன். சுவத்துல நம்பர் இருக்கு. ஆனா அது கோளாறுக்கு மட்டும்."

"இதுவும் கோளாறுதான். பாதிச் சேதி வந்துச்சு, மீதி வரல. பண்ணு."

டேல் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான். அவன் பேசியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "கார்வெல் நிலையம் பேசறேன். கோளாறு இருக்கு. இல்ல சார், கம்பியில இல்ல. ஜன்னலுக்கு வெளியே. அந்தப் பையனோட அம்மா நிக்கிறாங்க. பதில் வர்ற வரைக்கும் போக மாட்டாங்க போல."

அந்த முனையில் யார் என்ன சொன்னார்களோ தெரியாது. டேல் போனை வைத்துவிட்டுக் கையை விரித்தான். நாங்கள் திரும்பவும் காத்திருந்தோம். எங்கள் அணி தோற்றது. கூட்டம் கலைகிற சத்தம் கேட்டது. ஆட்டம் முடிந்தால் கம்பியும் அடங்கிவிடுமே என்று நான் டேலைப் பார்த்தேன். அண்ணி ஜன்னலை விடவில்லை.

அப்போது வர்ணனையாளர் தொண்டையைச் செருமினார். "ஒரு செய்தி. எல்ரே ஸ்ட்ரிக்லனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. நினைவோடு இருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் ஏறும்முன் யார் ஜெயிக்கிறது என்று கேட்டானாம். கார்வெலில் ஒரு ஜன்னலோரம் அவன் தாய் நிற்கிறார். அம்மா, இது உங்களுக்கு."

மாநிலம் முழுக்கப் பெரிய நிலையங்களில் எல்லாரும் அதைக் கேட்டார்கள். அவை எட்டாத எங்கள் ஊரில் கேட்டது நாங்கள் மூன்று பேர்தான். அண்ணி அழவில்லை. "எந்தக் காலுன்னு சொல்லலையே" என்றாள். அப்புறம்தான் அவளுக்குக் குளிர் தெரிந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். டேல் ஜன்னல் வழியாகக் காப்பி கொடுத்தான்.

மறுநாள் விடியும் முன்பே அண்ணனும் அண்ணியும் டெக்சாஸுக்குப் புறப்பட்டார்கள். வலது கால். ஒரு வருடம் முழுக்க எல்ரே ஆடவில்லை. கடைசி வருடத்தில் திரும்ப இறங்கினான். இனி வேண்டாம் என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். "அவன் போறான், நான் கேக்கறேன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போம்" என்று அண்ணி முடித்துவிட்டாள்.

நவம்பர் வந்ததும் பொழுது சாயும் முன்பே மடக்கு நாற்காலியோடு நிலையத்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். இரண்டாவது வாரம் தேவாலயத்து ஆட்கள் சிலர் வந்தார்கள். பிறகு வெள்ளைக்கார விவசாயிகள் வண்டியைக் காட்டோரம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் முதலாளி வந்து இறங்கினார்.

"இதென்ன சந்தையா? யாரு கூட்டின கூட்டம் இது?"

"நான் யாரையும் கூட்டல ஐயா. என் பையனைக் கேக்க நான் ஒருத்திதான் வந்தேன். மத்தவங்களை நீங்களே போகச் சொல்லிக்குங்க. அந்தப் பச்சை வண்டியில இருக்கறது உங்க மச்சினருதானே? அவருகிட்டேருந்து ஆரம்பிங்க."

பச்சை வண்டிக்காரர் தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை கூரைக்கு அடியில் ஓர் ஒலிபெருக்கி மாட்டியிருந்தது. அண்ணி நன்றி சொன்னாள்; இன்னும் கொஞ்சம் கீழே மாட்டியிருக்கலாம் என்றும் சொன்னாள். அந்த வருடம் எல்ரே எல்லா ஆட்டமும் ஆடினான். பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

எல்ரே பிறகு லிட்டில் ராக்கில் சாலைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தான்; அங்கேயே வீடு கட்டினான். ஹோரஸ் அண்ணன் இறந்து வெகுகாலம் ஆகிறது. லுவீனியா அண்ணிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. மகன் வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில் இருக்கிறாள்.