வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு கடல்

போன வாரம் பிரான்சிலிருந்து ஒரு கடிதம். எழுதியவள் என் மச்சினி தனம். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

தனத்தின் கணவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை நம் ஊரில் வேறெப்படிச் சொல்வது? மூன்று வருஷமாகக் கடலே இல்லாத ஏதோ ஓர் ஊரில் குடித்தனம். "மாமா, இங்க எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வரல. நம்ம கடல ஒரு படம் போட்டு அனுப்புங்க" என்று முன்பு எழுதியிருந்தாள்.

என்னை ஏன் கேட்டாள்? குவாஷ் வண்ணத்தில் படம் போடக் கற்றுக்கொள்கிறேன் என்று பீற்றிக்கொண்டது நான்தானே! பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதும் தன் நாட்டுக்குக் கப்பலேறிய என் ஆபீஸ் துரை, அந்த முசியே, ஒரு பெட்டி நிறைய கலர் ட்யூப்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

வாட்டர் கலர் போலக் குவாஷும் தண்ணீரில் குழைக்கும் வண்ணம்தான். ஆனால் அடியில் இருப்பதை மூடிவிடும். தப்பாகப் போட்ட மரத்தின் மேல் ஒரு வீட்டைக் கட்டிவிடலாம் — என்னைப் போன்றவர்களுக்கென்றே செய்தது! நீர்மோராகக் கரைத்தால் காகிதம் பல்லிளிக்கும். அப்பி வைத்தால் காய்ந்ததும் வெடிக்கும். கடைந்த தயிர் பதம் வேண்டும். அது கைக்குப் பிடிபடவே ஒரு மாசம் ஆயிற்று.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. குவாஷுக்கு வெள்ளைதான் சோறு, மற்ற நிறமெல்லாம் குழம்பு. தனத்தின் படத்தில் வானம் முடிந்தது... வெள்ளை ட்யூபும் முடிந்தது. கடை கடையாக ஏறி இறங்கினேன். இல்லை.

வீட்டில் வெள்ளைக்கா பஞ்சம்? மனைவி செண்பகத்தின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு இருந்தது. எடுத்து நீலத்தோடு குழைத்தேன். அடடா, என்ன ஒரு கடல்!

சாயங்காலம் வந்து பார்த்தால் கடல் பழுப்பு. அந்த நீலத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆகவே ஆகாதாம் — கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர் அப்புறம் சொன்னார்.

"என்னங்க, கடல்ல காப்பிய கொட்டிட்டீங்களா?" என்றாள் செண்பகம்.

படத்தைப் பரண்மேல் எறிந்தேன். அந்தப் பெண் ஆசையாக ஒன்றே ஒன்று கேட்டாள், அதைக்கூடச் செய்ய வக்கில்லையே என்று இரண்டு நாள் கலர்ப் பெட்டியைத் திறக்கவே இல்லை. செண்பகமோ, பிரான்சுக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரரிடம் அதை அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டாள். எனக்குத் தெரியாமல்!

அதற்குத்தான் இந்தப் பதில்.

"மாமா, எல்லாரும் கடல நீலமாத்தான் போடுவாங்க. நான் கப்பலேறின ஐப்பசியில, ஆத்து வெள்ளம் வந்து தேங்காய்த்திட்டுப் பக்கமெல்லாம் கடல் பழுப்பாக் கலங்கிக் கெடந்துச்சே... அத ஞாபகம் வச்சிருக்கீங்களே! அழுதுகிட்டே பார்த்த கடல் அதுதான். கட்டிலுக்கு எதுர்ல மாட்டியிருக்கேன்."

அன்று வழியனுப்ப நானும்தான் போயிருந்தேன். காற்றில் என் குடை பறந்தது ஞாபகம் இருக்கிறது. கடல் என்ன நிறம் என்று யார் பார்த்தது?

வெட்கமாக இருந்தது. உண்மையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். செண்பகம் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவளுக்கு அவ கடல் கெடச்சிடுச்சு. உங்க சுண்ணாம்புக் கதைய வச்சிகிட்டு அவ என்ன பண்ணப் போறா? சும்மா இருங்க."

சும்மா இருந்துவிட்டேன். நேற்று சென்னையிலிருந்து புது வெள்ளை ட்யூப் வந்துவிட்டது. இனி என் கடல் நீலமாகவே காயும்.

யாருக்கு வேண்டும்?