மூன்றாவது நட்டின் மஞ்சள் கோடு

குன்வோருக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள். கழுவியதையே எடுத்து மறுபடியும் கழுவுவாள். அந்த மே மாதம் சாப்பிட்ட தட்டை அவளிடம் நீட்டவே அவள் கணவன் ஸ்டைனார் பயந்தான். ஃபெரியில் டிக்கெட் கிழிக்கிற சாதுவான மனுஷன்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மீன்பிடிப் படகு எஞ்சின்களில் கை பழகி, பிறகு பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, மலைகளுக்கு நடுவே புகுந்த ஃபியோர்டு என்கிற கடல்நீட்டத்தின் முனையில் இருக்கும் சிறு விமானக் கிளப்பில் பத்தொன்பது வருஷமாக மெக்கானிக். அவள் கையெழுத்தில்லாமல் அங்கே எதுவும் பறக்காது. ஒரு நட்டை முழுக்க முறுக்கியதும், நட்டிலிருந்து குழாய் வரை மஞ்சள் பெயிண்டில் குறுக்காக ஒரு கோடு போடுவாள். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். பெயிண்ட் புட்டியின் மூடியிலேயே பிரஷ் உண்டு. அது தடிமனாக இருக்கிறது என்று அவள் தொடுவதில்லை. தீக்குச்சி முனையால் தலைமுடி கனத்துக்கு இழுப்பாள்.

வருடாந்தரப் பராமரிப்பு முடிந்து கிளப்பின் விமானம் ஒன்று மூன்று முறைதான் பறந்திருந்தது. நான்காவது முறை ஓட்டியவள் யோருன், ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ். தரையை விட்டு இருநூறு அடி எழும்புவதற்குள் எஞ்சின் இருமியது, தளர்ந்தது. அவள் ஓடுதளத்துக்குத் திரும்ப முயலாமல் நேரே எதிரில் இருந்த உருளைக்கிழங்கு வயலில் இறக்கினாள். முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புற விழுந்தது. அவளுக்குத் தோள் எலும்பும் மணிக்கட்டும் முறிந்தன.

உயிர்ச்சேதம் இல்லாததால் விசாரணை அலுவலகத்திலிருந்து ஆள் வரவில்லை. நீங்களே பார்த்து எழுதி அனுப்புங்கள் என்றார்கள். குன்வோர் எஞ்சின் மூடியைத் திறந்தாள். புதிதாக மாற்றிய பெட்ரோல் குழாயில் மூன்று நட்டுகள். மூன்றாவது இரண்டு விரலுக்கே சுழன்றது. அதன் மேல் புழு மாதிரித் தடியாக ஒரு மஞ்சள் கோடு, நடுவில் விரிசல் விட்டு.

அது அவள் போட்ட கோடு இல்லை.

நின்ற இடத்திலேயே எல்லாம் புரிந்தது. பராமரிப்பு நடந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு நட்டை முறுக்கிக் கோடு போட்டுவிட்டு, மூன்றாவதைக் கையால் மட்டும் திருகிவிட்டுப் போயிருந்தாள். கோடில்லாத நட்டே திங்கட்கிழமைக்கு ஞாபகக்குறிப்பு. நடுவில் வந்த சனிக்கிழமை கிளப்பின் கூட்டு வேலை நாள். முப்பது பேர் வந்து பெருக்கி, துடைத்து, வாஃபிளும் பழுப்புச் சீஸும் தின்றுவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை பார்த்தால் மூன்று நட்டிலும் கோடு. முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறேன் என்று நினைத்து மூடினாள், கையெழுத்துப் போட்டாள்.

கிளப் சமையலறையில் தலைவர் ஐலிஃப், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மடிக்கணினியில் அறிக்கை தட்டிக்கொண்டிருந்தார்.

"ஐலிஃப், கூட்டு வேலை அன்னைக்கு அந்த விமானத்தைத் தொட்டது யாரு?"

"நான்தான் தொடச்சேன். ஏன், பளபளன்னு இல்லையா?"

"மஞ்சப் பெயிண்டை எடுத்தியா?"

"ஓ, அதுவா! ரெண்டுல கோடு இருந்துச்சு, ஒண்ணுல இல்ல. நீ மறந்துட்ட போலன்னு நானே ஒரு இழு இழுத்துட்டேன். முப்பத்தாறு வருஷம் பசங்க நோட்டுல விட்டுப்போனதெல்லாம் போட்ட கை, சும்மா இருக்குமா?"

"அது அலங்காரம் இல்ல தலைவரே! நான் முறுக்கிட்டேன்னு நான் சொல்ற சாட்சி. என் கையெழுத்தை நீ போட்டிருக்க!"

ஐலிஃபின் முகம் வெளுத்தது. ஆனால் பழைய வாத்தியார், சீக்கிரம் சமாளித்துக்கொண்டார். கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

"இதைப் படிம்மா. அன்னைக்கு ஈரக்காத்து. கார்புரேட்டர்ல பனி பிடிச்சிருக்கு, பனியை உருக்குற சூட்டு லிவரை யோருன் இழுக்கலன்னு எழுதியிருக்கேன். பனி உருகிடும், தடயமே இருக்காது. கிளப்பும் தப்பிச்சுது, உன் உரிமமும் தப்பிச்சுது."

"யோருன்?"

"சின்னப் பொண்ணு. தாங்கிக்குவா."

"எலும்பு உடைஞ்சு கிடக்கிறவ தலையிலயே பழியையும் கட்டுவியா? வெக்கமா இல்ல?"

"கத்தாதே. எல்லாரும் நல்ல மனசோட வந்து உழைச்ச நாள் அது. அதைக் கெடுக்காதே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, என் கோடுன்னே எழுது. ஆனா திங்கக்கிழமை நீ அந்த நட்டுல ஸ்பேனர் வெச்சுப் பாத்தியா?"

அவள் வெளியே நடந்தாள். அன்று வீட்டில் வாணலி தேய்கிற அளவுக்குத் தேய்த்தாள்.

பிறகு சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து விசாரணை அலுவலகத்துக்குத் தன் அறிக்கையை எழுதினாள். எட்டிப் பார்த்த ஸ்டைனார், "அவன் கோட்டை மட்டும் எழுதினாப் போதாதா? உன்னுதையும் ஏன் எழுதுற?" என்றான்.

"அவன் செஞ்சது முட்டாத்தனம். நட்டைப் பாக்க வேண்டியது என் வேலை. நான் பாக்கல."

எழுதியதை மறுநாள் தபாலில் சேர்த்தாள். 'மூன்றாவது நட்டின் கோடு கிளப் தலைவர் போட்டது. நான் கோட்டைப் பார்த்தேன், நட்டைச் சோதிக்கவில்லை. கையெழுத்து என்னுடையது. விமானியிடம் தவறில்லை.'

ஆறு மாதம் அவள் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஐலிஃப் அடுத்த கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். கைதட்டி அவரையே மறுபடி தலைவராக்கினார்கள். அறிக்கையைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் மூச்சு விடவில்லை. பனிக்கதை மட்டும் ஊருக்குள் ஏற்கெனவே போயிருந்தது.

தோளில் கட்டோடு இருந்த யோருனிடம் குன்வோர் அறிக்கையின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். யோருன் வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தாள்.

"கடையில ரொட்டி வாங்கப் போனா, 'லிவரை மறந்துட்டியாமே'ங்கிறாங்க. உனக்கு நன்றி சொல்லுவேன்னு எதிர்பாக்காதே."

"எதிர்பாக்கல."

"ரெண்டு விரலால ஒரு தடவை திருகிப் பாத்திருந்தாப் போதும். ரெண்டே விரல்!"

"ஆமா."

"இது தபால்ல போனா எவனுக்குத் தெரியும்? கடை அறிவிப்புப் பலகையில ஒட்டணும். கிளப் கதவுலயும் ஒட்டணும்."

"உன் கை கட்டுல இருக்கு. நானே ஒட்டுறேன்."

முதலில் கடைக்குப் போனாள், பிறகு கிளப்புக்கு. ஐலிஃப் ஓடிவந்து, "கதவுக்கு இப்பத்தானே பெயிண்ட் அடிச்சோம், ஆணி அடிக்காதே!" என்றார். அவள் தன் பெயர் இருந்த கீழ் மூலையிலும் ஓர் ஆணி வைத்து, தலை பதியும்வரை அடித்தாள்.