தென் துருவத்து அவரைக்காய்

பனி என்ற ஒரே ஒரு சொல்லால் என் மானம் போனது. தென் துருவத்தில் என்ன இருக்கிறது என்றால் பனி. ஓசூரில் மார்கழிக் காலையில் என்ன இருக்கிறது என்றாலும் பனி. பாடப்புத்தகம் எழுதிய புண்ணியவானுக்கு வேறு சொல் அகப்படவில்லை. அவர் பட்டணத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போய்விட்டார், மாட்டிக்கொண்டது நான்.

ஐம்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராக இருந்தேன். தற்காலிக வேலை. அந்த வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து, என் பாடத்தைக் கேட்டு, சரி என்று எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் மத்தூரில் அண்ணன் வீட்டு அடுப்படிதான். அண்ணி எனக்கென்று அம்மிக்கல்லை ஏற்கெனவே கழுவி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை தொண்டை வற்றச் சொன்னேன். மலைகளையே மூழ்கடித்துக் கிடக்கும் பனி, ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இருட்டு, மரமில்லை, செடியில்லை. யார் முதலில் துருவத்தை மிதிப்பது என்று இரண்டு கூட்டம் போட்டி போட்டுக்கொண்டு போனதையும், தோற்ற கூட்டத்தின் ஐந்து பேரும் திரும்பும் வழியில் செத்ததையும் சொன்னேன். கடைசி மூன்று பேர் கூடாரத்துக்குள்ளேயே பட்டினியில் விறைத்துப் போனார்கள். அவர்களுக்காகச் சாப்பாடு சேர்த்து வைத்திருந்த இடம், தளிக்கும் ஓசூருக்கும் உள்ள தூரம்கூட இல்லை. சொல்லும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

"பனியிலயா செத்தாங்க டீச்சர்?" என்றான் ஒருவன். "தலைக்குத் துண்டு கட்டியிருக்கலாமே?"

தளியிலிருந்து வந்து, சித்தி வீட்டில் தங்கிப் படித்த ஒரு பெண் எழுந்தாள். "அத்தனை பனியிருந்தா அங்க அவரைக்காய் நல்லா சொகடு ஏறும், இல்லீங்களா டீச்சர்?"

அந்தப் பக்கத்தில் பனி குடித்தால்தான் அவரைக்காய்க்கு வாசனை. அந்த வாசனைதான் சொகடு. நாக்கில் எச்சில் ஊறாமல் அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். வகுப்பு மொத்தமும் தலையாட்டியது. ஐந்து பேர் செத்துக் கிடக்கிற இடத்தில் இதுகள் அவரை விதைக்கின்றன! எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

வாயால் சொல்லி ஆகாது என்று, பெங்களூர் பஸ் கண்டக்டரைக் கெஞ்சி ஒரு ஐஸ் பாளம் கொண்டுவரச் சொன்னேன். புதன்கிழமை சாக்கும் மரத்தூளுமாக வந்து சேர்ந்தது. அத்திப்பள்ளி தாண்டும்போதே பாதி போய்விட்டது என்றார் கண்டக்டர். மீதியில் பாதி என் புடவையில் கரைந்தது. பிள்ளைகள் தொட்டுவிட்டுக் கத்திக்கொண்டு கையை உதறினார்கள். தளிப் பெண் மட்டும் விடவில்லை. உள்ளங்கை சிவக்கும்வரை பிடித்திருந்தாள்.

"இது பனியில்ல டீச்சர், கல்லு," என்றாள். "இதுல வேர் எறங்காது. ஊரே இப்படின்னா, பாவம், அவங்க எங்கதான் போய்ப் படுத்தாங்களோ."

இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் உருப்படியாகப் பாடம் நடத்தினேன் என்று தோன்றியது. வயிறாரச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர், தலைமையாசிரியர் வீட்டு அவரைக்காய்க் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு ஏப்பத்தோடு வந்து உட்கார்ந்தார். அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். பாதிப் பாடத்தில் முகம் மலர்ந்துவிட்டது.

"அடேங்கப்பா, அத்தனை பனியா! அப்ப அங்க அவரை போட்டா சொகடு தூக்கலா இருக்குமே. என்னம்மா, நான் சொல்றது சரிதானே?"

விளையாட்டுக்குக் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. படித்த மனுஷன், நிஜமாகவே கேட்டார். எங்கே போய் முட்டிக்கொள்வது? அதற்குள் தளிப் பெண் எழுந்துவிட்டாள். "இல்லீங்க சார், அது வந்து..."

"நீ உட்காரு," என்றேன். பிறகு அவரிடம், "ஆமாங்க சார். ரொம்ப நல்லா ஏறும்."

சிரித்தபடியே நோட்டில் எழுதிக்கொண்டு போனார். வேலை நிரந்தரமாயிற்று. அம்மிக்கல் தப்பித்தது.

அடுத்த பரீட்சையில், தென் துருவத்தில் என்ன பயிர் விளையும் என்று கேட்டிருந்தேன். எல்லாரும் புத்தகத்தில் உள்ளபடி ஒன்றும் விளையாது என்று எழுதியிருக்க, அவள் மட்டும் அவரை என்று எழுதியிருந்தாள். எரிச்சல் தாங்காமல் கூப்பிட்டேன்.

"ஏண்டி, கையில பிடிச்சுப் பார்த்தவ நீ. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர்," என்றாள். "உங்களுக்குந்தான் தெரியும்."