தங்கச்சி வீட்டுக்கு மேட்டு வழி

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஆறு பேரை. ஐந்து பேர் நான் பெற்றவர்கள், ஆறாவது என் தங்கை. அம்மா போனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் நான் பெரியவளானேன். அதனால் நான் அவள் வீட்டுக்குப் போவதை, தங்கச்சியைப் பார்க்கப் போகிறாள் என்று யாரும் லேசாகச் சொல்லக் கூடாது. நான் பிள்ளையைப் பார்க்கப் போகிறேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். கையெழுத்துப் போடுவேன், பஸ் பலகை படிப்பேன். இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் சொல்வதைப் புத்தகத்தில் இருப்பதுபோல் எழுது, ஆனால் ஆட்கள் பேசியதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கு மேற்கே, பூண்டு விளைகிற பக்கம். தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் புல் மலைகள் சூழ்ந்த ஒரு அகலமான தாழ்வு. நாங்கள் அதைப் பள்ளம் என்போம். இப்போது வனத்துறை வைத்திருக்கும் பலகையில் பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம் என்று எழுதியிருக்கிறதாம். பள்ளத்தின் நடுவே வாட்டில் மரங்கள் வரிசையாக நின்றன. அந்த மரவரிசையை ஒட்டியே எங்கள் ஒற்றையடிப் பாதை. வெள்ளென கஞ்சி குடித்துவிட்டு இறங்கினால் தங்கை உலை வைத்து அரிசி வேகுமுன் அவள் வாசலில் நிற்பேன். பஸ்ஸில் போவதென்றால் கொடைக்கானல் போய், வேறு பஸ் மாறி, மறுபடி மேலே ஏற வேண்டும். அரை நாள் போய்விடும். அது போனால் போகட்டும். பஸ் எனக்கு ஆகாது. நாயுடுபுரம் வருவதற்குள் குடலே வாய்க்கு வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்பு அந்த மரங்களை வெட்டினார்கள். வெளிநாட்டு மரம், நிலத்துத் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது, பழையபடி புல்லும் நீரும் வர வேண்டும் என்றார்கள். வேலை நடந்த இரண்டு மழைக்காலமும் பள்ளத்துக்குள் யாரையும் விடவில்லை. நான் மடியில் பிளாஸ்டிக் பையும் கையில் எலுமிச்சம்பழமுமாக பஸ்ஸில் போய் வந்தேன். எப்போது வழி திறக்கும் என்பதுதான் என் ஒரே நினைப்பு.

போன தை மாதம் வனவர் எங்கள் ஊர் டீக்கடை முன்னால் கூட்டம் போட்டார். காக்கிச் சட்டை போட்ட சின்னப் பெண். என் கடைசி மகளைவிடச் சிறியவள்.

"வெளியூர்லருந்து மலையில நடக்க வர்றவங்களுக்காக ஒரு தடம் போடப் போறோம். ஊர்க்காரங்களும் அதுலதான் போகணும், வேற எங்கயும் கால் வைக்கக் கூடாது. பள்ளத்துக்கு உள்ளாற நேரா போடுறதா, மேட்டைச் சுத்திப் போடுறதா? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். "நேரா போடுங்க தாயி. அது எங்க காலத்து வழி. நான் காட்டுறேன்."

டீக்கடைக்காரர் எனக்குக் கொழுந்தன் முறை. கேலி செய்ய அவருக்கு உரிமை உண்டு. "பாத்துக்கங்க மேடம், மதினி தங்கச்சி வீட்டுக்கு கவர்மெண்ட்ல ரோடு போட்டுத் தரச் சொல்லுது" என்றார்.

"ஆமா, கேக்குறேன் கொழுந்தனாரே. ஒங்க கடை டீயக் குடிச்சிட்டு மேட்டுல ஏறுனா எவன் பொழைப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எனக்கு அது சிரிப்புக் காரியமில்லை. மேட்டு வழி இரண்டு மடங்கு தூரம், நடுவில் நல்ல ஏற்றம். அந்த வழி என்று ஆகிவிட்டால், முழங்கால் வலியோடு நான் இன்னும் எத்தனை நாள் நடப்பேன்? பிறகு பஸ். பஸ்ஸும் முடியாமல் போனால், யாராவது ஜீப்பில் கொண்டுபோய் இறக்க வேண்டும். என் பிள்ளையைப் பார்க்க இன்னொருவர் தயவில் போவதா?

மறுநாள் காலை பனி விலகியதும் இறங்கினோம். முன்னால் நான், பின்னால் வனவர், அதற்குப் பின்னால் கொழுந்தனார். வாட்டில் மரங்கள் நின்ற இடத்தில் கரிய அடிக்கட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. எனக்கு அது போதும். கட்டையைப் பார்த்துக் கால் வைத்தேன். எதிர்க்கரையில் சிவப்புச் சால்வை போர்த்திக்கொண்டு ஒருத்தி நின்றாள். தங்கைதான். போனில் சொல்லிவிட்டிருந்தேன்.

"அக்கா, வராத! அங்கன தண்ணி கெடக்கு!" என்று கத்தினாள்.

"நீ பொறக்கறதுக்கு முந்தியே எனக்கு இந்தப் பள்ளம் தெரியும்டி!" என்று நானும் கத்தினேன்.

அடுத்த அடி கீழே போனது. தரை மெத்தை மாதிரி அமுங்கி, பிறகு விட்டுக்கொடுத்தது. முழங்காலுக்கு மேலே சேறு. குளிர் எலும்பைப் பிடித்தது. இன்னொரு காலை ஊன்றி எழப் பார்த்தேன், அதுவும் போனது. என்னைச் சுற்றி டீத்தண்ணீர் நிறத்தில் நீர் ஊறியது. பச்சைப் பாசிக்குள்ளிருந்து ஒரு தவளை குதித்து, என் மடிப்பக்கம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

"அசையாதீங்க பாட்டி!" என்றாள் வனவர். கொழுந்தனார் ஒரு கம்பை நீட்டினார். இரண்டு பேருமாக இழுத்து என்னைக் கரைசேர்த்தார்கள். செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது.

"மதினி, நல்ல வழி காட்டுனீங்க" என்றார் கொழுந்தனார்.

வாழ்நாளெல்லாம் நான் மிதித்த தரை எங்கே போனது என்றுதான் பார்த்தேன். வனவர் விளக்கினாள். அந்த மரங்கள் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தரையை இறுகவைத்திருந்தன. மரம் போனதும் பள்ளம் தன் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

"நேர் வழிதான் வேணும்னா போடலாம் பாட்டி. ஆனா ரெண்டு பக்கமும் வாய்க்கா வெட்டித் தண்ணிய வடிச்சிட்டு, கல்லு கொட்டணும்."

"வடிச்சா என்ன ஆகும்?"

"கீழ போற ஓடை கோடையில நின்னு போகும்."

அந்த ஓடை எதிர்க்கரையில் தங்கையின் பூண்டுத் தோட்டத்தை ஒட்டித்தான் இறங்குகிறது. முன்பெல்லாம் கோடையில் அவள் குடத்தில் சுமந்து வந்து பாத்திக்கு ஊற்றுவாள். அதற்கு முந்தின கோடையில் நான் பஸ்ஸில் போனபோது பாத்தியெல்லாம் பச்சையாக நின்றது. அவள் வீட்டுக்காரர், எனக்கு மருமகன்தான், போர்வெல் போட்டிருப்பார் என்று நினைத்து நான் கேட்கவில்லை. இப்போது கேட்டேன். பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்து, ஊரே கேட்கிற மாதிரி.

"ஏடி! பூண்டுக்கு எங்கருந்துடி தண்ணி?"

அவள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஓடைத் தண்ணிதான்க்கா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சுத்து வழியக் கேட்ருவ. அப்புறம் வர மாட்டியேன்னு…"

கோடைப் பூண்டையே விட்டுக்கொடுக்கத் துணிந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். என் வளர்ப்பு அப்படி. எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமைதான் கூடுதல்.

"எழுதிக்க தாயி. மேட்டு வழி" என்றேன்.

"உங்களால முடியுமா பாட்டி?"

"முடியுமாவா? வா, இப்பவே போவோம்."

மிஞ்சிய செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். வேகமாக ஏறவில்லை. எனக்கென்ன அவசரம்? ஈரச் சேலை காலில் சுற்றியது, முழங்கால் முனகியது. புல் மேட்டில் காட்டுமாடு போட்ட சாணம் காய்ந்து கிடந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு மரத்தடியில் ஒரு தட்டைப் பாறை. உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அம்மா என்னைத் தோளிலிருந்து இறக்கி இதே பாறையில் வைத்து, முந்தானையில் முடிந்திருந்த பொரியை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறாள். அம்மாவுக்கும் பிறந்த வீடு அந்தப் பக்கம்தான். அப்போது பள்ளத்துக்குள் வாட்டில் மரமும் இல்லை, பாதையும் இல்லை. எங்கள் காலத்து வழி என்று நான் சண்டை போட்டது மரத்தோடு வந்தது, மரத்தோடு போய்விட்டது. மேட்டு வழி அதற்கும் மூத்தது.

இதை வனவரிடம் சொல்லவில்லை. "மூச்சு வாங்குதா பாட்டி?" என்று கேட்டாள். "இல்ல, ஒனக்காக ஒக்காந்தேன்" என்றேன். பாவம், அவளுக்குத்தான் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தங்கையின் சோறு ஆறிப்போயிருந்தது. வெந்நீர் வைத்துக் காத்திருந்தாள். குனிந்து என் காலில் இருந்த சேற்றைக் கழுவினாள். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன்.

இப்போது அந்தத் தடத்தில் வெள்ளையடித்த கற்கள் இருக்கின்றன. சென்னை, பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து நடக்கிறார்கள். முதுகில் பை, காலில் பெரிய பூட்ஸ். போகிற வாக்கில் பார்ப்பேன், பாதிப் பேர் அந்தத் தட்டைப் பாறையில்தான் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். போன வாரம் ஒரு பெண் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"பாட்டி, நீங்களும் டிரெக்கிங்கா?"

"இல்லம்மா. எம்பிள்ளையப் பாக்கப் போறேன்."

"உங்க பிள்ளைக்கு என்ன வயசு?"

"அறுபத்தி நாலு."

அவள் கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் கம்பை ஊன்றி எழுந்து நடந்தேன். அங்கிருந்து பார்த்தால் பள்ளம் முழுக்கத் தண்ணீர் மினுங்குகிறது. நடுவில் எங்கோ என் செருப்பு கிடக்கிறது. கிடக்கட்டும்.

இவ்வளவுதான். ஏடி, எழுதி முடிச்சிட்டியா? என்ன சிரிப்பு? அப்பத்தா சேத்துல விழுந்ததை விட்டுட்டு எழுதியிருப்ப, எனக்குத் தெரியும். நாளைக்கு இத ஒங்க சின்ன அப்பத்தா கேக்கணும், ஒண்ணும் கொறையக் கூடாது. இப்ப எனக்கு ஒருக்கா படிச்சுக் காட்டு, போன தை மாசத்துலருந்து ஆரம்பி. வெரசாப் படிக்காத, நிறுத்தி நிதானமாப் படி.