கிரஷர் நின்ற காலை

பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளி நமச்சிவாயத்தின் மகள் சங்கரி, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பொறியாளர். கல்குவாரிகளில் ஏறி இறங்கித் தூசியை அளப்பது வேலை.

"பட்டுல புரள வேண்டியவ தூசியில புரள்றா" என்று அத்தைகள் கேலி செய்வார்கள்.

"ரெண்டையும் எடை போட்டுத்தான் பேசணும் அத்தே" என்பாள்.

அந்த மார்கழிக் காலையில் ஜீப் தாமல் ஏரியைத் தாண்டும்போது பனி விலகியிருக்கவில்லை. கல் உடைக்கும் கிரஷரின் தூசி பற்றி ஒரு கிராமம் மூன்றாவது முறையாகப் புகார் கொடுத்திருந்தது. முன்பு வந்த அதிகாரிகள் இரண்டு முறையும் 'ஆலை இயங்கவில்லை' என்று எழுதிவிட்டுத் திரும்பினார்கள். ஓடாத இயந்திரத்தில் எதை அளப்பது? இன்றைக்கும் அளவு கிடைக்காவிட்டால் குவாரிக்கு இன்னும் ஐந்து வருடம் அனுமதி.

கிரஷர் ஓடவில்லை. பாதையில் தண்ணீர் தெளித்திருந்தது. வேப்பமரங்களைக்கூடக் கழுவி வைத்திருந்தார்கள்.

"நாலு நாளா பெல்ட் அறுந்து கெடக்குதும்மா" என்றார் மேனேஜர் வீரபாகு. "மெட்ராஸ்ல சொல்லிக்கீறோம். டீ சாப்டுங்க."

"நாம வர்றது அந்த பெல்ட்டுக்கே தெரிஞ்சிடுதும்மா" என்று டிரைவர் டேனியல் முணுமுணுத்தார்.

அவள் டீ குடிக்கவில்லை. புகார் கொடுத்தவர்களைப் பார்க்க ஊருக்குள் போகச் சொன்னாள்.

நெசவாளர் தெருவின் முனையிலேயே ஜீப் நின்றுவிட்டது. மேலே போக வழியில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஐந்து பாவுகள். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் போதாமல் ஒருவரையொருவர் கூவி அழைத்து, இங்கே ஒரு கை, அங்கே ஒரு கை என்று ஓடினார்கள்.

சங்கரி இறங்கி நின்று பார்த்தாள். ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டார் கை கொடுக்க வேண்டும். அதனால்தான் முறை வைத்து, ஒரு காலைக்கு ஒரு வீடு என்று நீட்டுவார்கள். ஒரே காலையில் ஐந்து பாவு போட எந்தத் தெருவும் துணியாது.

"எதுக்கும்மா எல்லாரும் இன்னிக்கே?"

புகாரில் முதல் கையெழுத்துப் போட்டிருந்த ஏலவார்குழலி கஞ்சிக் கையோடு நிமிர்ந்தாள். "நேத்து விளக்கு வெக்கிற நேரத்துலதான் கிரஷர் சத்தம் நின்னுது. ஈரக் கஞ்சியில தூசி ஒட்டினா இழை கரகரன்னு ஆயி அறுந்துக்கினே இருக்கும். திரும்ப எப்போ நிறுத்துவானோ? முறையாவது ஒண்ணாவதுன்னு எல்லா வூட்லயும் கஞ்சி காச்சிட்டோம்."

நேற்றுச் சாயங்காலம். நாலு நாள் இல்லை.

தூசி அளக்கும் கருவியை ஏலவார்குழலி வீட்டு மொட்டை மாடியில் ஏற்றச் சொல்லிவிட்டு, சங்கரி வீரபாகுவை வரவழைத்தாள். அவர் பைக்கில் வந்து, பாவுகளைச் சுற்றிக்கொண்டு மாடிக்கு ஏறினார்.

"நாலு நாளா ஓடலன்னா இவங்க நாலு நாளும் ஒண்ணொண்ணா பாவு போட்டிருப்பாங்க. கீழ பாருங்க. நீங்க சொன்னது பொய்னு எழுதவா, ஓட்டிக் காட்றீங்களா?"

வீரபாகு தெருவைப் பார்த்தார். தினம் அந்த வழியாகப் போய்வருகிறவர்தான்.

"பெல்ட் வரணுமேம்மா."

"வரட்டும். மெஷின் இங்கதான் இருக்கும். நானும் தினம் வருவேன்."

மறுநாள் காலை அவள் மாடிக்கு வந்தபோது குவாரி வாசலில் டிப்பர் லாரிகள் வரிசை கட்டியிருந்தன. ரோடு வேலைக்காரர்கள் ஜல்லி கேட்டுக் கத்துவது இங்கே வரை கேட்டது. வெயில் ஏறுவதற்குள் பெல்ட் சரியாகிவிட்டது. கிரஷர் உறுமியது. குன்றுக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக எழும்பி, காற்றின் போக்கில் ஊர்ப்பக்கம் திரும்பியது தூசி.

அந்தச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் அன்று மாடிப்படி ஏறி வந்தார்கள். பாவுகள் முந்தின நாளே சுருட்டப்பட்டுத் தறிக்குப் போய்விட்டன. பயமில்லை.

"அளக்குற மெஷின் ஓடுதாம்மா?"

"ஓடுது."

"அப்போ வரட்டும். நல்லா வரட்டும்" என்றாள் ஏலவார்குழலி. எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சங்கரியிடம் கேட்டாள்: "நீ யார் வூட்டுப் பொண்ணு? பாவு கணக்கெல்லாம் தெரிஞ்சிக்கீதே."

"பிள்ளையார்பாளையம். நமச்சிவாயம் பொண்ணு."

"நம்ம பொண்ணுதான்" என்று அவள் மற்றவர்களுக்குச் சொன்னாள்.

மறுநாள் எடுத்தபோது வடிகட்டித் தாள் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில் படிந்த தூசியின் எடை, அனுமதித்த அளவைப் போல் மூன்று பங்கு. கிரஷருக்கு முழுக்கக் கூரை போட்டு மூடி, தண்ணீர்த் தெளிப்பான் வைக்கும் வரை ஓட்டக்கூடாது என்ற உத்தரவை சங்கரி தானே கொண்டுபோய் வீரபாகுவின் கையில் கொடுத்தாள். அவர் டீ கொண்டுவரச் சொன்னார். இந்த முறை உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தாள்.